சராசரியா, இடைநிலையா? எதனுடன் எந்தப் பரவல் அளவு?

ஏழு பேர் காத்திருந்த நேரம், நிமிடக் கணக்கில்: 4, 5, 5, 6, 7, 7, 8. சராசரி 6, இடைநிலை அளவும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 6. கடைசி எண்ணைப் பதியும்போது 8 என்பது 78 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 16-க்குத் தாவுகிறது. ஏழில் ஆறு எண்கள் அதற்குக் கீழே கிடக்கின்றன. இடைநிலை அசையவில்லை, அதே 6.

எண்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் பரவல் அளவுகளில் அடி இன்னும் பலம். வீச்சு (பெரிய எண் − சிறிய எண்) 4-லிருந்து 74 ஆகிறது. திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விலகும் அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, n−1 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால்; n என்பது எண்ணிக்கை) 1.41-லிருந்து 27.36. விலகலை வர்க்கப்படுத்துவதுதான் காரணம்: 78 − 16 = 62, அதன் வர்க்கம் 3844. வர்க்கங்களின் கூடுதல் மொத்தமே 4492தான். கால்மானங்களுக்கு (வரிசையின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் நிற்கும் எண்களுக்கு) இடையிலான வீச்சோ, அதாவது கால்மான இடைவீச்சோ, இரண்டு பட்டியலிலும் 7 − 5 = 2.

ஆகவே இவற்றை ஜோடியாகவே எடுக்க வேண்டும். சராசரிக்குத் திட்ட விலக்கம். இடைநிலைக்குக் கால்மான இடைவீச்சு. இடைநிலையைச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் திட்ட விலக்கத்தைப் போடும் அறிக்கைகளைப் பார்க்கலாம். அந்த விலக்கம் சராசரியிலிருந்து அளந்தது, இடைநிலையிலிருந்து அல்ல.

அதற்காகச் சராசரியை ஒதுக்கிவிட முடியாது. மொத்தம் வேண்டுமென்றால் அதுதான் கதி: சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் வந்துவிடும். 20 பேரின் சராசரி 50, 30 பேரின் சராசரி 60 என்றால் சேர்ந்த சராசரி (1000 + 1800) ÷ 50 = 56. (இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 55 என்பது அடிக்கடி நடக்கும் பிழை.) இரு குழுக்களின் இடைநிலைகள் மட்டும் கையில் இருந்தால் சேர்ந்த இடைநிலையைக் கண்டுபிடிக்க வழியில்லை, மூல எண்கள் வேண்டும்.

கால்மான இடைவீச்சுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பத்தில் எட்டு எண்கள் 0 என்றால் அதுவும் 0 ஆகிவிடும், மீதி இரண்டு எவ்வளவு பெரியதாக இருந்தாலும். திட்ட விலக்கத்தில் வேறு பொறி: சராசரியின் இருபுறமும் இரண்டு விலக்கத்துக்குள் சுமார் 95% எண்கள் அடங்கும் என்பது மணி வடிவப் பரவலுக்கு மட்டும். எந்தப் பரவலுக்கும் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைந்தது 75% என்பதே.

முகட்டை, அதாவது அதிக முறை வரும் மதிப்பை, இங்கே தேட வேண்டாம். 5, 7 என இரண்டு வரும். இரத்த வகை போல வரிசையே இல்லாத தரவுக்கு அது ஒன்றுதான் பொருந்தும்.

78-ஐ எப்படிப் பிடிப்பது? மேல் கால்மானத்துடன் இடைவீச்சின் 1.5 மடங்கைக் கூட்டுங்கள்: 7 + 3 = 10. அதைத் தாண்டியது சந்தேகத்துக்குரியது, அவ்வளவுதான். உடனே அழிக்காமல் மூலப் பதிவைப் பாருங்கள். ஒருவர் உண்மையிலேயே 78 நிமிடம் காத்திருந்தால் அந்த எண் இருக்கட்டும், அறிக்கையில் இடைநிலையைச் சொல்லுங்கள்.

மென்பொருளில் திட்ட விலக்கத்தின் விடை மாறினால் வகுக்கும் எண்ணைப் பாருங்கள். பைத்தான் மொழியின் நம்பை (NumPy) நூலகம் இயல்பாக n ஆல் வகுக்கும். அதே மொழியின் பாண்டாஸ் (pandas) நூலகமும் ஆர் (R) மொழியும் n−1 ஆல். முதல் பட்டியலுக்கு நம்பை 1.31 காட்டும், மற்றவை 1.41.