யூவெர்ஷன் பைபிள் ஆப்: ஓட்டத்தின் நடுவில் வேதம் வாசிக்கிறவர்களுக்கு

வேலை, பிள்ளைகள், போன், மறுபடியும் வேலை என்று நாள் முழுக்க ஓடுகிற ஒரு விசுவாசிக்கு இந்த ஆப் நிஜமாகவே உதவுமா? உதவும். ஆனால் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவதைத் தாண்டி, கொஞ்சம் உள்ளே போனால்தான் அதன் உண்மையான பலன் கிடைக்கும். நான் ரொம்ப நாளாக இதைப் பயன்படுத்துகிறேன், எங்கள் ஜெபக்குழுவிலும் பலர் இதில்தான் வாசிக்கிறார்கள், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஒக்லஹோமாவைச் சேர்ந்த லைஃப்.சர்ச் என்ற சபை வெளியிட்டது இது. அந்தச் சபையின் போதகர்களில் ஒருவரான பாபி க்ரூனெவால்டுக்கு 2006-இல் சிகாகோ விமான நிலையத்தில் சோதனை வரிசையில் காத்து நின்றபோது இந்த யோசனை தோன்றியதாம். முதலில் இணையதளமாக வந்தது, 2008-இல் ஆப் ஆனது. பணம் கட்ட வேண்டாம், விளம்பரம் கிடையாது, காணிக்கையில் நடக்கிறது. வேதம் வாசித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு விளம்பரம் குதிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று வேறு சில ஆப்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழில் நமக்குப் பழக்கமான பழைய மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

திறந்ததும் எதிரே நிற்பது அன்றைய வசனம். அழகான படத்தின் மேல் ஒரு வசனம், ஒரு தட்டில் நண்பர்களுக்கு அனுப்பிவிடலாம். எல்லோருக்கும் பிடித்த அம்சம் இதுதான், எனக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனத்தைப் படமாகப் பார்க்காத கிறிஸ்தவர் இருக்க முடியாது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தின் நடுவில் வருகிறது. அதற்கு முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் மேலே போனால், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. நினைத்துப் பாருங்கள், ஆலயம் பக்கத்தில் இல்லை, ஊர் அந்நிய ஊர், சுற்றிலும் வேறு தெய்வங்கள், அந்த ஜனங்களுக்குக் கர்த்தர் சொன்னது வீட்டையும் தோட்டத்தையும் பக்கத்து மனுஷரையும் பற்றி! பரபரப்பான வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொள்வது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதில் 11-ஆம் வசனத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கிடைக்காது. நல்லவேளையாக, அந்த வசனத்திலிருந்து முழு அதிகாரத்துக்குப் போக ஒரு தட்டுதான் ஆகும். அதைத் தட்டுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது வாசிப்புத் திட்டங்கள். மூன்று நாள் திட்டத்திலிருந்து ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் வரை இருக்கின்றன. தலைப்பு வாரியாக வரும் குட்டித் திட்டங்களில் சில நன்றாக இருக்கும், சிலவற்றில் ஒரு வசனத்துக்கு மூன்று பத்தி எழுத்தாளர் பேச்சாக இருக்கும், நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். ஒரு புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கொண்டுபோகும் திட்டமாகப் பார்த்து எடுங்கள். நடுவில் சில நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தேதிகளை மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களுக்கும் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கும் இது பெரிய ஆறுதல், ஏனென்றால் பாக்கி சேரச் சேர மூன்றாவது புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். நண்பர்களோடு சேர்ந்து ஒரே திட்டத்தை வாசித்து, அன்றன்றைக்குத் தோன்றியதை எழுதவும் முடியும். எங்கள் குழுவில் கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு அக்கா அதில்தான் எழுத ஆரம்பித்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை இதன் உயிர் ஆடியோதான். எல்லா மொழிபெயர்ப்புக்கும் கிடையாது, எதில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது ஒரு அதிகாரம் கேட்டுவிடலாம். மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள். சாயங்காலம் பட்டணமே வாசலில் கூடி நிற்கிறது, இயேசு அநேகரைச் சுகமாக்குகிறார், மறுநாள் இருட்டோடே எழுந்து தனியாக ஜெபிக்கப் போகிறார், உடனே சீடனான சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக்கொண்டு வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போது வேலைக்குப் போகிறவர்களுக்கும் அம்மாக்களுக்கும் நெஞ்சில் ஏதோ ஒன்று படும். அவர் திரும்பிப் போகவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகவே வந்தேன் என்கிறார். கண்ணால் வேகமாக ஓட்டும்போது 35, 36, 37, 38 என்று நான்கு வசனமாகக் கடந்துபோகிற இடம், காதில் விழும்போது ஒரே மூச்சில் நடக்கிற ஒரு காரியமாக நிற்கிறது.

குறை என்றால், எந்தப் பைபிள் ஆப்புக்கும் பொருந்துகிற குறை: அது போனுக்குள் இருக்கிறது. விதைக்கிறவன் உவமையில் ஆண்டவர் சொன்ன "உலகக்கவலைகளும், ஐசுவரியத்தின் மயக்கமும்" வசனத்தை நெருக்கிப்போடுவதற்கு, வாசித்துக்கொண்டிருக்கிற திரையின் உச்சியில் வந்து விழுகிற ஒரு மெசேஜ் போதும். எனவே அந்த வசதி இருக்கிற மொழிபெயர்ப்பை முதலிலேயே டவுன்லோட் செய்துவிட்டு, இணையத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள். அப்புறம், எத்தனை நாள் தொடர்ச்சியாகத் திறந்தீர்கள் என்று ஆப் ஒரு கணக்கு வைத்திருக்கும். ஆரம்பத்தில் பழக்கம் பிடிக்க உதவும், ஆனால் அந்த எண்ணுக்காக ராத்திரி தூங்கப்போகும் முன் ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டு மூடுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த எண்ணைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்வது நல்லது.

அஞ்சுக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். நிதானமாக உட்கார்ந்து, ஓரத்தில் பேனாவால் குறித்து வாசிக்க அச்சுப் புத்தகத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்துக்கு இது வராது. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் அறிவிப்புகளில் வாசிப்பு நினைவூட்டலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அணைத்துவிட்டு, மாற்குவில் தொடங்கலாம். 16 அதிகாரம்தான், தினம் ஒன்று கேட்டால்கூட மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும்.