கூடுதல் மரண வரைபடம்: காசில்லாமல் கிடைக்கும் நல்ல கணக்கு

'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) என்ற புள்ளிவிவரத் தளத்தில் கூடுதல் மரணங்களுக்கென்று, அதாவது வழக்கத்தைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்று காட்ட, ஒரு பக்கம் இருக்கிறது. காசு கிடையாது, விளம்பரமும் கிடையாது. மருத்துவமனை ஆவணப் பிரிவில் இறப்புப் படிவங்களோடு மாரடிக்கிறவள் சொல்கிறேன்: கொரோனா சாவுக் கணக்கைப் பற்றி யாரோடாவது வாதாடப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

இறப்புக்கான காரணம் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. மருத்துவமனையில் இறந்தவருக்கு டாக்டர் எழுதும் காரணச் சான்றான படிவம் 4-இல் உடனடிக் காரணம் ஒரு வரி. அதற்குக் கீழே அதைக் கொண்டுவந்த நோய். அதற்கும் கீழே எல்லாவற்றுக்கும் மூலமான நோய். புள்ளிவிவரத்துக்கு வேண்டியது அந்த மூல நோய்தான். முதல் வரியில் 'இதயமும் மூச்சும் நின்றன' என்று எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்ட படிவங்கள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. (அது நிற்காமல் யார் செத்தார்கள்?) கொரோனா என்று பரிசோதனையில் உறுதியானால் யு07.1, டாக்டரின் சந்தேகம் என்றால் யு07.2 என்று உலக சுகாதார நிறுவனம் குறியீடு கொடுத்தது. ஆனால் தினசரிக் கணக்கை ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்குத்தான் சொன்னது. பெல்ஜியம் முதியோர் இல்லங்களின் சந்தேக மரணங்களையும் சேர்த்தது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து, பாசிட்டிவ் வந்து 28 நாளுக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணத் தொடங்கியதும் பிரிட்டனின் மொத்தத்தில் 5,000-க்கு மேல் ஒரேயடியாகக் குறைந்தது. பெருவோ 2021 மே கடைசியில் 69,342 என்றிருந்ததை 1,80,764 என்று திருத்தியது.

இந்த வரைபடம் காரணமே கேட்பதில்லை. 2015 முதல் 2019 வரையிலான போக்கை வைத்து, வழக்கமாக இத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணித்து, உண்மையில் இறந்தவர்கள் அதைவிட எத்தனை சதவீதம் கூட என்று கோடு போடுகிறது. சதவீதம் என்பதால் பெருவையும் நியூசிலாந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கவும் வசதி உண்டு.

குறை இல்லாமல் இல்லை. கிறிஸ்துமஸ் வாரத்தில் இங்கிலாந்துக் கோடு சட்டென்று இறங்கும். சாவு குறையவில்லை, பதிவு அலுவலகத்துக்கு லீவு, அவ்வளவுதான். இந்த எச்சரிக்கையைக் கட்டுரைக்குள் புதைத்துவிட்டார்கள். மொபைலில் பார்ப்பவர் கண்ணில் படாது. அப்புறம் இந்தியா. அந்தச் சதவீத வரைபடத்தில் நம் நாட்டைத் தேடாதீர்கள். மொத்த நாட்டுக்கும் மாதவாரி இறப்பு எண்ணிக்கை வெளிவந்தால்தானே கோடு போட முடியும்? நமக்கு மதிப்பீடு மட்டும்தான். 2020, 2021 இரண்டு வருடத்துக்கும் சேர்த்து உலக சுகாதார நிறுவனம் சுமார் 47 லட்சம் என்றது. அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். கணித்த முறையே தவறு என்று அரசு மறுத்தது.

ஐந்துக்கு நான்கு. ஒன்றைக் குறைத்தது எச்சரிக்கையை ஒளித்துவைத்ததற்கு. இந்தியா இல்லாததற்கு அவர்களைத் திட்டி என்ன பயன்?