ரெண்டு சுழி, ஒரு நாற்பது பக்க நோட்டு

வங்கியில் மாற்றல் வாங்கிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீடு, பையனுக்குப் பள்ளிக்கூடம், பால்காரர் எல்லாம் ஒரே மாதத்தில் அமைந்துவிட்டது. முடிவெட்ட ஆள் அமைய நாலு மாதம் பிடித்தது.

முதலில் போனது ஏசி போட்ட பெரிய கடை. பெயர் வேண்டாம். 350 ரூபாய். உட்கார்ந்ததும் போன் நம்பர் வாங்கினார்கள், காபி வந்தது, ஐந்தாவது முறை இலவசம் என்று ஒரு அட்டையும் தந்தார்கள். வெட்டிய பையன் பாதியில் கையை நிறுத்தி, “முடி ரொம்பக் கொட்டியிருக்கே சார்” என்று 899 ரூபாய் சீரம் ஒன்றை எடுத்து நீட்டினான். 41 வயதில் கொட்டாமல் என்ன செய்யும்? இரண்டாம் முறை போனபோது அதே நம்பரை மறுபடி கேட்டார்கள், வேறு ஆள் வெட்டினார், அதே சீரம் வந்தது. மூன்றாம் முறை நான் போகவில்லை. ‘உங்களைக் காணாமல் தவிக்கிறோம்’ என்று இன்னும் வாரம் தவறாமல் குறுஞ்செய்தி வருகிறது. தவிக்கட்டும்.

இப்போது நான் போவது பெருமாள்புரம் பக்கம் ஒரு சின்னக் கடை. இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு. வெயிலில் பலகை வெளிறிப்போய் ‘சலூன்’ என்ற சொல் மட்டும்தான் மிச்சம். கட்டிங் 130, ஷேவிங் 60, சின்னப் பையன்களுக்கு 100.

முதல் நாள் கடைக்காரர் என்னை உடனே உட்காரச் சொல்லவில்லை. நிற்க வைத்து, தலையைக் குனியச் சொல்லி, தண்ணீர் அடிப்பதற்கு முன்பே உச்சியில் விரலை விட்டுப் பார்த்தார். “சார், உங்களுக்கு ரெண்டு சுழி. இந்த இடத்துல மிஷினைப் போட்டா நாலு நாள்ல கோழிக் கொண்டை மாதிரி நிக்கும். கத்திரியிலேயே வெட்டிருதேன்” என்றார். எனக்கு ரெண்டு சுழி இருப்பதை அதுவரை சொன்னது எங்கள் ஆச்சி மட்டும்தான். அவள் சொன்னது வேறு காரணத்துக்காக: ரெண்டு சுழிக்காரனுக்கு ரெண்டு பொண்டாட்டி. இத்தனை வருடம் கல்யாண வீடுகளுக்கெல்லாம் நான் கொண்டையோடு போனதற்கு இப்போதுதான் காரணம் தெரிந்தது.

ஷேவிங்கைச் சொல்ல வேண்டும். பிளேடை நம் கண் முன்னால்தான் பிரிக்கிறார். காகித உறையோடு வைத்தே ‘டக்’கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் மாட்டுகிறார். வேலை முடிந்ததும் அந்தப் பாதி, மூடியில் ஓட்டை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போகிறது. பிறகு ஈரத் துண்டு, படிகாரம். படிகாரம் பட்டதும் தாடையில் ஒரு இழுப்பு வரும் பாருங்கள், அதற்கே 60 ரூபாய் தகும்.

என்னை மறுபடி வர வைத்தது இது எதுவும் இல்லை. காசு கொடுத்துக் கிளம்பும்போது, “பதினஞ்சு நாள் கழிச்சு இந்தப் பக்கம் வந்தா சும்மா எட்டிப் பாருங்க சார். பின்கழுத்தையும் கிருதாவையும் மட்டும் ஒதுக்கி விடுதேன், காசு வேண்டாம்” என்றார். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளரும். தலை முழுக்க அது தெரியாது. பிடரியில் ரெண்டே வாரத்தில் தெரிந்துவிடும். எட்டிப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. உண்மையிலேயே காசு வாங்கவில்லை.

நான் வங்கிக்காரன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மாதம் ஒரு கட்டிங் என்றால் என்னால் வருடத்துக்கு 1,560 ரூபாய். பையனுக்கு 1,200. மொத்தம் 2,760. அவருக்குச் செலவு, மாதம் ஒரு ஐந்து நிமிடம். அட்டை அடித்த செலவுகூட இல்லை.

அப்புறம் அந்த நோட்டு. கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவுக்குப் பின்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். மஸ்கட்டில் வேலை பார்த்த கடையில், மலையாளி முதலாளி சொல்லிக்கொடுத்த பழக்கமாம். இவர் யார் பெயரையும் கேட்பதில்லை, அடையாளம்தான் எழுதுகிறார். ‘பல்சர்: சைடு 2, தலையில் தழும்பு, பாத்து.’ ‘வாத்தியார்: மீசையைத் தொடக்கூடாது.’ ஒருநாள் அவர் டீ சொல்லப் போன இடைவெளியில் என்னைத் தேடினேன். ‘கண்ணாடி: ரெண்டு சுழி. மிஷின் வேண்டாம். பேசினா பிடிக்காது.’ என் மனைவியிடம் சொன்னேன். மனிதர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாரே, எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சே என்றாள். மூன்றாவது மாதத்தில் ‘சார்’ போய் ‘அண்ணாச்சி’ ஆனேன். பேச்சு மட்டும் இன்றைக்கும் அளவுதான்.

பையன்களை அவர் சமாளிப்பது தனிக் கலை. பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம்? திங்கட்கிழமை பிரேயரில் முடியைப் பார்ப்பார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு நிரம்பி வழியும். அப்பா ‘ஒட்ட வெட்டுங்க’ என்பார், பையன் கண்ணாடி வழியாகக் கெஞ்சுவான். இவர் பக்கவாட்டில் அப்பா சொன்னபடி வெட்டிவிட்டு, மேலே அரை விரல் விட்டுவைப்பார். என் பையனை நாற்காலிக் கைப்பிடிகள் மேல் பலகை போட்டு உட்கார வைத்து, தண்ணீர் பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். முன்பெல்லாம் முடிவெட்ட என்றாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தவன், இப்போது ‘அப்பா, போவோமா’ என்று நச்சரிக்கிறான்.

குறை இல்லாமல் இல்லை. டிவி காது கிழியும். மின்சாரம் போனால் வேர்வையில் வெட்டிய முடி கழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். தலை மசாஜ் கேட்டுவிடாதீர்கள், மண்டையில் தேங்காய் உடைப்பதுபோல இருக்கும். காத்திருக்கும் நேரத்தில் படிக்கத் தினத்தந்தி ஒன்றுதான், அதிலும் நடுப்பக்கம் எப்போதும் வேறொருவர் கையில். பக்கத்துத் தூத்துக்குடியில் பொன் மாரியப்பன் என்பவர் தன் சலூனிலேயே நூலகம் வைத்து, புத்தகம் படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்; 2020 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அவரோடு தமிழில் பேசினார். அதைச் சொல்லி இவரிடம் நாலு புத்தகமாவது வாங்கி வையுங்கள் என்றேன். “நீங்க கொண்டாங்க அண்ணாச்சி, வைப்போம்” என்றார். இரண்டு கொண்டுபோய் வைத்தேன். ஒன்றைக் காணோம்.

போகிறவர்கள் வார நாளில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் போங்கள், கூட்டம் இருக்காது. ஜிபே உண்டு. ஊர் வழக்கப்படி செவ்வாய் விடுமுறை. அது தெரிந்தும் நான் இரண்டு தடவை போய் ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.