பள்ளிக்கு அழைப்பதா, பிள்ளைகளை அழைத்துச் செல்வதா?

பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்), பாலிடெக்னிக், தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி ஆகிய வழிகளை மாணவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது? பயிற்சி நிலையத்தாரைப் பள்ளிக்கு அழைத்துக் கூட்டம் நடத்தலாம். மாணவர்களை அங்கேயே நேரில் அழைத்துச் செல்லலாம்.

செலவு
கூட்டம்: ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் போதும்.
நேரில்: பஸ் வாடகை, பெற்றோர் ஒப்புதல், உடன்செல்ல ஆசிரியர்கள்.

தகவல்
கூட்டம்: இதன் பலமே இதுதான். பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டு. முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐடிஐ பிரிவுகள் பெரும்பாலும் 1 அல்லது 2 ஆண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்பழகுநருக்கு உதவித்தொகை உண்டு. இவற்றைப் பெற்றோரும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.
நேரில்: இரைச்சலில் பாதி காதில் விழாது.

நம்பகம்
கூட்டம்: பேசுபவர் தம் நிறுவனத்தைப் புகழத்தான் செய்வார். ஒரே தனியார் கல்லூரியை மட்டும் மேடையேற்றுவது மாணவருக்குச் செய்யும் அநீதி. அரசு ஐடிஐயும் அதே மேடையில் இருக்கட்டும்.
நேரில்: பட்டறையில் இயந்திரங்கள் ஓடுகின்றனவா, துருப்பிடித்துக் கிடக்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். அங்கே படிப்பவரிடம், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசவிடுங்கள். வெல்டிங் பிரிவில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டால், நம் மாணவிகளின் கேள்விகளே மாறிவிடும்.

எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கும் பெற்றோருக்கும் கூட்டம் பொருந்தும். பத்தாம் வகுப்பில் முடிவெடுக்கத் திணறுபவர்களை, சிறு குழுவாகவேனும், பொதுத்தேர்வுக்கு முன்பே நேரில் அழைத்துச் செல்லுங்கள். பஸ்ஸுக்குப் பணமில்லையென்றால் அருகிலுள்ள அரசு ஐடிஐ ஒன்றே போதும்.