ஓர்வாலா, ஷிமே நீலமா: நிலவறைத் தட்டில் எதை அடுக்குவது?

பெல்ஜியத்தில் பழைய வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தால் கீழே ஒரு நிலவறையும் கிடைக்கும். எங்கள் நிலவறையில் பீருக்கென்று ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு தட்டு. வைத்திருந்து குடிக்க ஏற்றவை என்று இங்கே எல்லோரும் சொல்லும் ட்ராப்பிஸ்ட் பீர்கள் (ட்ராப்பிஸ்ட் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களில் காய்ச்சுபவை) இரண்டு: ஓர்வால், ஷிமே நீலம். நான் தட்டு முழுக்க ஓர்வாலை அடுக்கினேன்.

பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டும் மடத்து மதிலுக்குள், துறவிகளின் மேற்பார்வையில் காய்ச்சப்படுபவை. வருமானம் மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் போகிறது. இரண்டு மடங்களிலும் சீஸும் உண்டு. பாட்டில் கிடைப்பதிலும் சிரமம் இல்லை.

ஷிமே பீர் ஸ்கூர்மோன் மடத்தினுடையது. மடம் 1850-இல் தொடங்கியது, பீர் ஆலை 1862-இல். இரண்டாம் உலகப்போருக்குப் பின் தெயோதோர் என்ற துறவி, பேராசிரியர் ழான் தெ கிளெர்க்கின் உதவியோடு ஆலையைச் சீரமைத்தார். முதலில் கிறிஸ்துமஸ் பீராக வந்ததுதான் இந்த நீலம். ஆல்கஹால் 9 சதவீதம். அத்திப்பழம், பாகு, கொஞ்சம் மிளகுக் காரம் என்று முதல் வாயிலேயே பிடித்துப்போகும். இதே மடத்தில் சிவப்பு, வெள்ளை என்று வேறு பீர்களும் இருக்கின்றன.

ஓர்வால் மடத்தின் கதை இன்னும் நீளம். 1070-இல் இத்தாலியின் தெற்கிலிருந்து வந்த துறவிகள் அங்கே குடியேறினார்கள். 1132-இல் சிஸ்டர்சியன் என்ற துறவியர் சபை வந்தது. 1793-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை மடத்தை எரித்தது. அதன்பின் நூறு வருடங்களுக்கும் மேலாக அது வெறும் இடிபாடுதான். 1926-இல் மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் கட்டுமானத்துக்குப் பணம் தேடித்தான் 1931-இல் பீர் ஆலையை அமைத்தார்கள். மடத்தை வடிவமைத்த ஆன்ரி வாஸ்தான் ஓர்வாலின் கிண்ணக் கிளாஸையும் வரைந்தவர். லேபிளில் மோதிரத்தைக் கவ்விய மீன் இருக்கும். ஊற்றில் விழுந்த மட்டில்டா சீமாட்டியின் மோதிரத்தை ட்ரவுட் மீன் ஒன்று மீட்டுத் தந்ததாக ஐதீகம். கடைக்கு வருவது ஒரே ஒரு பீர், 6.2 சதவீதம்.

ஒன்றே ஒன்று என்றால் அலுத்துவிடாதா? அலுக்காது, வைக்க வைக்க அது மாறிக்கொண்டே இருக்கும். என் தேர்வை முடிவு செய்ததும் அதுதான். பாட்டிலுக்குள் போகும் ஈஸ்ட்களில் ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு வகையும் உண்டு. சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்ட சர்க்கரையை அது மெல்ல மெல்லத் தின்கிறது. இனிப்பு குறைகிறது, வாயு கூடுகிறது, ஆல்கஹாலும் லேபிளில் போட்டதைவிடச் சற்று ஏறுகிறது. புதிதாகத் திறந்தால் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசம் தூக்கலாக இருக்கும், ஆரஞ்சுத் தோல் மணமும் கசப்பும் முன்னால் நிற்கும். அரை வருடம் போனால் கசப்பு தணிந்து, பழைய தோல்பையைத் திறந்தது போன்ற ஒரு மணம் எழும். ஒரு வருடத்தில் பீர் நன்றாக வறண்டு, நாக்கில் சுத்தமாக முடியும். லேபிளில் பாட்டிலில் அடைத்த தேதியையே அச்சிட்டிருக்கிறார்கள். அதனால் எந்தப் பருவத்தில் குடிக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும். ஒரே தட்டில் மூன்று பருவத்து பாட்டில்களை வரிசையாக வைத்துக்கொள்ளலாம்.

ஷிமே நீலமும் மாறும், ஆனால் மெதுவாக. காரம் அடங்கும், பழ வாசம் ஆழமாகும். இரண்டு வருடம் வைத்ததைப் புதியதோடு சேர்த்துக் குடித்தபோது வித்தியாசம் தெரிந்தது. அதற்காக இடத்தை அடைத்து வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. 75 சென்டிலிட்டர் பெரிய பாட்டிலைப் பல வருடம் வைத்தவர்கள் இதை மறுக்கலாம். அவ்வளவு காலம் நான் வைத்துப் பார்த்ததில்லை. ஓர்வாலிலும் மூன்று வருடம் தாண்டியவை குறைவாகத்தான் என் கைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றின் வாசம் மங்கியிருந்தது. எனக்கு எட்டு முதல் பதினான்கு மாதம் வரைதான் உச்சம்.

வைப்பதென்றால் பாட்டிலை நிமிர்த்தி, வெளிச்சம் படாமல், 10 முதல் 15 டிகிரிக்குள் வையுங்கள். ஊற்றும்போது கிளாஸை நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஒரு வருடத்து ஓர்வால் கிளாஸில் பாதிக்கு நுரையாகவே நிற்கும். அடியில் ஒரு விரல் அளவு ஈஸ்ட் வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டால் நிறம் தெளிவாக இருக்கும்.

இந்த வகை பீர்களுக்குப் புதிதான நண்பர் வந்தால் நானும் ஷிமே நீலம்தான் தருவேன். ஓர்வாலின் அந்தத் தோல்பை மணம் முதல்முறை குடிப்பவரைத் தயங்க வைக்கும். ஆனால் ஷிமேயை அன்று காலையில் கடையில் வாங்கிக்கொண்டாலே போதும்.