மூல வரிகளா, புது உரையாடலா?

ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தைத் தொடக்கப் பள்ளி மேடைக்குக் கொண்டுவரும் இங்கிலாந்து ஆசிரியர்கள், 2,100 வரிகளுக்கு மேல் நீளும் மூலத்தை வெட்டுவதா, கதையை மட்டும் வைத்துப் புதிதாக எழுதுவதா என்று தயங்குவதுண்டு.

மனப்பாடம்: மூலத்தில் குறும்புக்காரன் பக்கின் வரிகள் சந்தமும் இயைபும் கொண்டவை என்பதால் நாவில் ஒட்டிக்கொள்ளும், காதலர் நால்வரின் நீண்ட வாதங்கள் ஒட்டவே ஒட்டா. புது உரையாடலில் இந்தத் தொல்லை இல்லை.

வேடங்கள்: மூலத்தில் பேசுவோர் இருபதுக்குச் சற்று மேல். புது எழுத்தில் கதைசொல்லிகளைச் சேர்த்து வகுப்பு முழுவதையும் மேடையேற்றலாம்.

ஒப்பனை: இரண்டுக்கும் ஒன்றே, கதையில் மாயத்தால் கழுதைத் தலை பெறும் நெசவாளி பாட்டம் என்பவனுக்கு அட்டையில் வெட்டிய கழுதைக் காதுகள் போதும்.

ஏழு வயதுக்குட்பட்டோருக்குப் புது உரையாடலே பொருந்தும். பத்து வயதினருக்கு, ஐந்தாம் அங்கத்தில் கைவினைஞர்கள் நடத்தும் நாடகத்தை மூல வரிகளிலேயே கொடுப்பேன். தடுமாறி நடிப்பதே அங்கே நகைச்சுவை என்பதால், பிள்ளைகள் வரியை மறந்தாலும் காட்சி கெடாது.