முதல் மணிக்கு முந்தைய இருபது நிமிடம்: பலகையா, எக்செல்லா, மென்பொருளா?

கால அட்டவணை என்பது கல்வியாண்டுத் தொடக்கத்தில் ஒரு தடவை போட்டு முடிக்கிற வேலை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பதினோரு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவள் நான். அதைத் தினமும் காலையில் மறுபடியும் போட வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் விடுப்பு, ஒருவர் மூன்றாம் பாடவேளைக்குத்தான் வருவார், ஆய்வகத்தில் மின்வேலை நடக்கிறது. இவ்வளவும் முதல் மணி அடிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால்தான் தெரியவரும். அதனால் எந்த முறை நல்லது என்று யாராவது கேட்டால், அந்த இருபது நிமிடத்தில் எது கைகொடுக்கும் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஜூன் மாதத்தில் அழகாகத் தெரிவதும் ஆகஸ்ட் மாதக் காலையில் தாங்குவதும் ஒன்றல்ல.

கணக்கு எளிதாக இருக்க ஒரு நடுத்தரப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 12 பிரிவுகள், நாளுக்கு 8 பாடவேளை, வாரம் 5 நாள். நிரப்ப வேண்டிய கட்டங்கள் 480. ஆசிரியர்கள் 18 பேர் என்றால் ஆளுக்கு வாரம் 26 அல்லது 27 பாடவேளை வரும். எந்த ஒரு பாடவேளையிலும் 12 பேர் வகுப்பில், 6 பேர் ஓய்வில். மூன்று பேர் விடுப்பில் போனாலும் ஆள் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மொழிப்பாடத்துக்காக மூன்று பிரிவுகளை ஒரே நேரத்தில் இரண்டிரண்டாகப் பிரித்தால் இன்னும் மூன்று பேர் உள்ளே போய்விடுவார்கள். அந்தப் பாடவேளையில் மிஞ்சுவது மூன்றே பேர். அதில் ஒருவர் காலையிலிருந்து தொடர்ந்து நான்கு வகுப்பு எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

பலகையும் சீட்டும்

பெரிய அட்டை. ஆசிரியருக்கு ஒரு வரிசை, பாடவேளைக்கு ஒரு பத்தி, மொத்தம் 40 பத்திகள். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நிறத்தில் சீட்டுகள், சீட்டில் பிரிவின் பெயர். ஏழு ஆ பிரிவுக்கு வாரம் ஆறு கணக்குப் பாடவேளை என்றால், கணக்கு ஆசிரியரின் நிறத்தில் "7ஆ" என்று எழுதிய சீட்டு ஆறு. மேசையில் ஒரு சீட்டு மிஞ்சினாலும் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு வசதி உண்டு. ஒருவருக்கு ஒரே வரிசை, ஒரு கட்டத்தில் ஒரே சீட்டு. ஆகவே ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் மாட்டிக்கொள்ளவே முடியாது. நாம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே பத்தியில் ஒரே பிரிவின் சீட்டு இரண்டு தடவை வந்திருக்கிறதா? பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினால் போதும்.

கடைசி முப்பது சீட்டுதான் உயிரை வாங்கும். ஒன்றை வைக்க இடம் தேடி இன்னொன்றை எடுப்போம், அதற்கு இடம் தேடி மூன்றாவதை எடுப்போம், சங்கிலி நீண்டு முதல் சீட்டுக்கே திரும்பி வரும். இப்படியே நாலைந்து நாள் ஓடும்.

ஆனால் காலை நேரத்தில் பலகையை அடிக்க ஆளில்லை. அதன் முன்னால் போய் நின்று அந்தப் பாடவேளைக்கான பத்தியைப் பார்த்தால், காலியான கட்டங்கள்தான் ஓய்வில் இருப்பவர்கள். எதையும் திறக்க வேண்டாம், தேட வேண்டாம். அந்த ஆளுக்கு முந்தைய பாடவேளை என்ன, அடுத்தது என்ன என்பதும் பக்கத்திலேயே தெரிகிறது.

அதன் பெரிய குறை வேறு. சீட்டு எங்கே இருக்கிறது என்று பலகை சொல்லும், ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லாது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஓய்வு பெற்ற பிறகு நான் போட்ட முதல் அட்டவணையில், ஒரு ஆசிரியைக்குப் புதன் முதல் பாடவேளையைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டம் வருடக்கணக்கில் காலியாகவே இருந்திருக்கிறது. தற்செயல் என்று நினைத்தேன். அவர் வந்து என் மேசை பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம்தான் சொன்னார், புதன் காலைகளில் அப்பாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறார் என்று. அது ஒரே ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் இருந்தது. அவர் போனதும் அதுவும் போய்விட்டது.

எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ்

பெரும்பாலான பள்ளிகள் இன்று நிற்கும் இடம் இதுதான். இங்கே வழக்கமாக வரிசையில் பிரிவுகள், பத்தியில் பாடவேளைகள், கட்டத்துக்குள் ஆசிரியர் பெயரின் சுருக்கெழுத்து. பலகையில் இருந்த இயல்பான பாதுகாப்பு இதனால் தலைகீழாகிறது: பிரிவு மோதாது, ஆசிரியர் மோதலாம். அதைப் பிடிக்க ஒரே பத்தியில் ஒரே சுருக்கெழுத்து இரண்டு தடவை வந்தால் கட்டம் சிவப்பாகும்படி நிபந்தனை வடிவமைப்பு போட்டு வைக்கலாம். ஒன்று எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணும் கவுண்ட்இஃப் சூத்திரம் தெரிந்தால் பத்து நிமிட வேலை. யாருக்கு வாரம் எத்தனை பாடவேளை என்ற எண்ணிக்கையும் அதே சூத்திரத்தில் ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கும். பலகையில் இதைக் கையால் எண்ண வேண்டும்.

நான் அந்தச் சிவப்பை முழுசாக நம்பி ஒரு வருடம் அடிபட்டேன். ஒரு கட்டத்தில் "கம" என்றும் இன்னொரு கட்டத்தில் "கம" என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி சேர்த்தும் தட்டியிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், சூத்திரத்துக்கு இரண்டும் வேறு வேறு ஆள். சிவப்பு வரவில்லை. முதல் திங்கட்கிழமை ஐந்தாம் பாடவேளையில் ஒரே ஆசிரியருக்காக இரண்டு வகுப்புகள் காத்திருந்தன. எட்டாம் வகுப்பில் லீடர் வந்து சொல்லும்வரை யாருக்கும் தெரியவில்லை. இருபது நிமிடம் அந்தப் பிள்ளைகள் ஆளில்லாமல் இருந்தார்கள். அதற்குப் பிறகு சுருக்கெழுத்தைத் தட்டுவதையே விட்டுவிட்டேன். கீழ்விரி பட்டியல் வைத்து அதிலிருந்து தேர்ந்தெடுப்பதோடு சரி. எக்செல்லில் அட்டவணை போடும் யாரும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும்.

ஒரு கட்டத்தில் இரண்டு ஆசிரியர் வரும் பிரிப்பு வகுப்புகளிலும் இந்தச் சூத்திரம் தடுமாறும். அவற்றுக்குத் தனி வரிசை கொடுப்பது நல்லது. மற்றபடி காலை நேரத்தில் எக்செல் சுமார்தான். பிரிவுவாரியான தாளில் யார் ஓய்வு என்பது தெரியாது. அதற்காகவே ஆசிரியர்வாரியான இன்னொரு தாளை இணைத்து வைத்திருக்க வேண்டும். ஷீட்ஸில் பகிர்ந்து வைத்தால் எல்லோரும் போனிலேயே பார்க்கலாம், அது உண்மையான லாபம். திருத்தும் உரிமையை மட்டும் இரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள்.

தானே போட்டுத்தரும் மென்பொருள்

மென்பொருளைப் பற்றிப் பேசுமுன், இந்த வேலை ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று சொல்ல வேண்டும். எல்லா ஆசிரியர்களும் எல்லாப் பாடவேளையிலும் கிடைப்பார்கள், யாருக்கும் எந்தப் பிரிவுக்கும் 40 பாடவேளைக்கு மேல் இல்லை, வேறு நிபந்தனை எதுவும் இல்லை என்று வையுங்கள். அப்போது மோதல் இல்லாத அட்டவணை கட்டாயம் உண்டு. ஹங்கேரியக் கணித அறிஞர் டேனஸ் கோனிக் 1916-இல் நிறுவிய ஒரு தேற்றத்திலிருந்து இது நேராக வருகிறது. ஆனால் "இவர் செவ்வாய் வரமாட்டார், அவர் மதியத்துக்கு மேல்தான்" என்று சேர்க்க ஆரம்பித்த உடனே கதை மாறுகிறது. ஷிமோன் ஈவன், அலோன் இட்டாய், அடி ஷமீர் மூவரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, அப்படிப்பட்ட அட்டவணைச் சிக்கல் கணினி அறிவியலில் "என்.பி. கம்ப்ளீட்" என்று சொல்லும் கடினமான வகை என்று காட்டியது. ஷமீர் என்றால், இணையத்தில் தகவலைப் பாதுகாக்கப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்தின் "எஸ்" அவர்தான். ஆக, பகுதிநேர ஆசிரியர் ஒருவர் கூடும்போது நம் மேசையில் ஏறுகிற பாரம் வெறும் மனப்பிரமை இல்லை.

நான் அதிகம் பழகியது எஃப்இடி. ருமேனியரான லிவியு லலேஸ்கு 2002-இல் எழுதத் தொடங்கிய இலவச, திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஆசிரியர், பிரிவு, பாடம், அறை எல்லாவற்றையும் கொடுத்து, நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சில நிபந்தனைகளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று அழுத்தம் கொடுக்கலாம்: 100 என்றால் மீறவே கூடாது, குறைத்தால் முடிந்தவரை பார்க்கும். முதல் தடவை தகவலை ஏற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அப்புறம் அது போட்டுத்தருவது பெரும்பாலும் சில நிமிடங்களில். அடுத்த வருடம் மாறியதை மட்டும் மாற்றினால் போதும்.

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. இங்கே காரணத்தை எழுதித்தான் ஆக வேண்டும். புதன் முதல் பாடவேளை அந்த ஆசிரியைக்குக் கூடாது என்பது இப்போது ஒரு வரி. எனக்குப் பின்னால் வருபவர் அதைப் படிப்பார். அதேபோல, யார் யாருக்கு என்னென்ன சலுகை என்பதும் பட்டியலாக வெளியே வந்துவிடுகிறது. எங்கள் பட்டியலை முதன்முதலாக அச்சடித்துப் பார்த்தபோது, கடைசிப் பாடவேளை வேண்டாம் என்ற கோரிக்கைகளில் பெரும்பாலானவை மூத்தவர்களுடையவை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் தலையில்தான் அந்தப் பாரம் முழுவதும் இறங்கியிருந்தது. பலகையில் அது பல வருடம் என் கண்ணில் படவே இல்லை.

முடியாத நிபந்தனைகளைக் கொடுத்தால் எஃப்இடி ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்திவிட்டு எந்தப் பாடவேளைகளில் திணறுகிறது என்று பார்க்கலாம். ஏன் என்று கண்டுபிடிப்பது நம் பாடு. அதைவிடப் பெரிய குறை, தினசரி மாற்று ஏற்பாட்டுக்கென்று அதில் வசதி இல்லை. ஸ்லோவாக்கியாவில் உருவான ஏஎஸ்சி டைம்டேபிள்ஸ், ஆஸ்திரியாவில் உருவான அன்டிஸ் போன்ற கட்டண மென்பொருள்களில் அது உண்டு. விடுப்பைப் பதிந்தால் யார் ஓய்வில் இருக்கிறார்கள் என்று காட்டும், மாற்றத்தை ஆசிரியர்கள் போனில் பார்க்கலாம். முப்பது பிரிவுக்கு மேல் உள்ள பள்ளிக்கு இந்த ஒரு வசதிக்காகவே பணம் கட்டலாம் என்பது என் கருத்து. பன்னிரண்டு பிரிவுக்குத் தேவையில்லை.

பாடவேளை நீளமும் நாள் வரிசையும்

கருவியை மாற்றுமுன் அமைப்பையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். 40 நிமிடம் எட்டு என்பதற்குப் பதில் 80 நிமிடம் நான்கு என்று வைத்தாலும் மொத்தம் 320 நிமிடம்தான். வகுப்பு மாறும்போது உட்கார, அடங்க, வருகைப்பதிவு எடுக்க ஐந்து நிமிடம் போகும் என்றால், எட்டுப் பாடவேளையில் 40 நிமிடம் கரைகிறது, நான்கில் 20. ஆய்வகம், கட்டுரை, ஓவியம் இவற்றுக்கு நீளம் நல்லது. ஆனால் ஆசிரியர் வராத நாளில் வேறு பாடத்துக்காரர் 80 நிமிடம் ஒரு வகுப்பைத் தாங்குவது எவ்வளவு சிரமம் என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் ஆய்வகப் பாடங்களுக்கு மட்டும் இரட்டைப் பாடவேளை, மற்றவை 40 நிமிடமாகவே இருக்கட்டும் என்பேன்.

கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் சுற்றாக டே ஆர்டர் வைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. திங்கள் விடுமுறை வந்தால் திங்கட்கிழமைப் பாடங்கள் காணாமல் போகாது, செவ்வாய்க்கு நகரும். வாரம் இரண்டே பாடவேளை உள்ள இசைக்கும் ஓவியத்துக்கும் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் செவ்வாய், வியாழன் மட்டும் வரும் பகுதிநேர ஆசிரியர் ஒருவர் இருந்தாலும் இது உடைந்துவிடும்.

என் தேர்வு

பத்துப் பிரிவுக்குள், எல்லோரும் முழுநேரம் என்றால் பலகையே போதும். காரணங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்கு மேல் போனால், அல்லது பகுதிநேரக்காரர்களும் பிரிப்பு வகுப்புகளும் கூடினால், எஃப்இடி-யில் போடுவேன். எக்செல்லை அட்டவணை போடுவதற்கு நான் இனி எடுக்க மாட்டேன், போட்டதைக் காட்டுவதற்கு மட்டும்தான்.

காலை வேலைக்கு எஃப்இடி தரும் ஆசிரியர்வாரி அட்டவணையைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுவேன். அதுவே என் பலகை. பக்கத்தில் ஒரு நீள நோட்டு: தேதி, பாடவேளை, பிரிவு, யாருக்குப் பதில், யார் போகிறார், கையெழுத்து. ஆறாவது பத்தியோடு நிறுத்தாமல் ஏழாவதாக, அந்த ஆசிரியருக்கு இந்த மாதம் இது எத்தனையாவது மாற்று வகுப்பு என்று எழுதுகிறேன். இரண்டு பேர் ஓய்வில் இருந்தால் எண் குறைவாக உள்ளவர் போவார். உடற்கல்வி ஆசிரியரின் பெயருக்கு நேரே எந்த மாதமும் எண் ஏறிக்கொண்டே போனதை அந்தப் பத்தி வந்த பிறகுதான் பார்த்தேன். இப்போது அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே உச்சவரம்பு, மாதம் நான்கு.